நற்சான்றிதழ்

பிரிந்து இரண்டு வருடமான பிறகு
யசிந்தாவின் குணத்தைப் பற்றி
என்னிடம் கேட்டார்கள்.
கிராம அலுவலரின் கடிதம் போதாதாம்.

குருநகர் ஐஸ் பக்ரறியின் கணக்கறையில்
கட்டி அரைக்கும் இரைச்சலுக்குள்
தொலைபேசியைக் காதோடு அழுத்தி நின்றேன்.
கோபம் வருமா, கடன் உண்டா,
நித்திரையில் கத்துவாரா,
மூடிய இடத்தில் பதறுவாரா.
மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர்.
"டென்ஷன் ஆவாங்களா சார்?"

"இல்லை" என்றேன்.
அது உண்மை.
எங்கள் வழக்கே அதுதான்.

ஒன்பது வயதில், இதே ஆலையின் குளிரறைக்குள்
தகப்பனைத் தேடிப் போனவளை
ஆரோ தெரியாமல் பூட்டிவிட்டார்கள்.
இரண்டு மணித்தியாலம்.
திறந்தபோது உதடு நீலம். அழவில்லை.
"நூற்றிப் பதினாலு கட்டி இருக்கு,
மூண்டாவது வரிசையில ஒண்டு வெடிச்சிருக்கு."
இதைச் சொன்னதும் மறுமுனையில்
தட்டச்சுச் சத்தம் தகரத்தில் மழைபோல விழுந்தது.
போரைப் பற்றியும் கேட்டார்.
"எல்லாருக்கும் போலத்தான்" என்றேன்.
அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதினாரோ.

சொல்லாமல் விட்டது:
ஷரோமிக்கு மூன்றாம் மாதம் வலிப்பு வந்த இரவு
நான் கடற்கரை வீதி முழுக்கக் கேட்க அலறினேன்.
அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
பிள்ளையைச் சரித்துப் பிடித்தபடி
"நாப்பது செக்கன்" என்றாள்.
பிள்ளை பிழைத்தது அந்தக் கையால்.
அந்த முகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சண்டைக்கு வராத ஒருத்தியோடு
எப்படிக் குடித்தனம் நடத்துவது?
கோப்பையை எறிந்து உடைத்தால்
துண்டுகளைப் பொறுக்கி, பொருத்திப் பார்த்து,
"ஒண்டு குறையுது, செருப்பைப் போடுங்கோ" என்பாள்.

தகப்பன் செத்தபோது பயிற்சியில் இருந்தாள்.
எட்டாம் நாள் வந்து சேர்ந்தாள். சனம் கதைத்தது.
சேமக்காலையில் கல்லைத் தொட்டுப் பார்த்து
மட்டம் சரியில்லை என்றாள்.
அன்றிரவு பின்வளவுக் கிணற்றடியில்
ஒரு மணிக்கு மேலும் தலையில் வார்த்துக்கொண்டிருந்தாள்.
இருட்டில் படுத்தபடி எண்ணினேன்.
அறுபத்திரண்டு வாளி.
அதையும் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி:
உங்கள் உயிரை அவரிடம் ஒப்படைப்பீர்களா?
"ஓம்." யோசிக்கவே இல்லை.
வாழ்க்கையை என்று கேட்கவில்லை.
அது அவர்களுக்குத் தேவையில்லை.

இப்போது ஞாயிறு பூசை முடிய
மேலேயிருந்து அழைப்பு வரும்.
சொல்லுக்கும் மறுமொழிக்கும் நடுவில்
ஒரு மூச்சளவு பிந்துகிறது.
முன்பெல்லாம் அவள் பேசாதிருந்தால்
என் முகத்தில் கதவு சாத்துவதாக நினைப்பேன்.
இப்போது இரண்டு பேருமே காத்திருக்கிறோம்,
யந்திரம் அப்படி.
இப்படியே மூன்று மாதம், நல்ல மாதிரிக் கதைக்கிறோம்.
விசர்தான்.

"அம்மா, அங்க அழுதா கண்ணீர் எங்க போகும்?"
பிந்தியது.
வழமையைவிடக் கூடப் பிந்தியது.
"விழாது பிள்ளை. கண்ணிலேயே
உருண்டு திரண்டு நிக்கும்.
துவாயால ஒத்தி எடுக்கவேணும்."
எப்படித் தெரியும் என்று பிள்ளை கேட்கவில்லை.
நான் வாயைத் திறந்து, மூடினேன்.

நேற்று மாலை ஆறு ஐம்பத்திரண்டு.
ஆலை மொட்டைமாடியில் நானும் பிள்ளையும்.
பண்ணைப் பக்கமிருந்து எழும்பியது,
மினுங்காத ஒரு வெளிச்சம்,
அவளைப் போலவே அவசரமில்லாமல்.
ஷரோமி டோர்ச்சை அணைத்து அணைத்துக் காட்டினாள்.
நான் எண்ணினேன்.
இருநூற்றி முப்பதுக்குக் கிட்ட
பூமியின் நிழலுக்குள் போய் மறைந்தது.

"அண்ணை, லொறி வந்திட்டுது"
கீழிருந்து கத்தினான் டிலக்சன்.
"இருபது கட்டியாம்!"

"இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ அப்பா,
திரும்பி வரும்" என்றாள் பிள்ளை.
வராது என்று எனக்குத் தெரியும்.
நின்றேன்.